சிவப்பு நூல் சிமியோன்

குருநகர் மீன் சந்தைக்குள் சிமியோன் அண்ணை நுழைந்தால் மீன் விற்கிற பெண்கள் கடகத்தைச் சாக்குப் போட்டு மூடிவிடுவார்களாம். நான் நேரில் கண்டதில்லை, ஆனால் நம்புகிறேன். மனிதர் செவுளை விரித்துப் பார்ப்பார். கண்ணை அமத்திப் பார்ப்பார். வாலில் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் திருப்புவார். பிறகு "பரவாயில்லை, ஆனா..." என்று இழுப்பார். ஒருநாள் ஒருத்திக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, செத்த பிறகுதான் மீன் சந்தைக்கு வாறது. அதுக்கு மேலை அதிலை என்ன நொட்டை கண்டனீர்?" என்று கேட்டாளாம்.

ஊரில் எல்லோரும் இனாமாகச் சொல்கிற நொட்டையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொன்ன ஒரே மனிதர் அவர்தான். உரும்பிராயில் நமசிவாயம் ஐயாவின் வேலைத்தளத்தில் கம்பியின் தரம் பார்ப்பது அவருடைய உத்தியோகம். அதே இடத்தில் அந்தக் கம்பியை றீலில் சுற்றிக்கொண்டிருந்தவள் நான், செல்வநாயகி. கலியாணமாகி, வெங்காயத் தோட்டமும் புருசனுமாக இருந்தவளை அந்த வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் எனக்கு வியர்க்காத கை என்று ஐயா சொன்னார். வேறு எவரும் என்னிடம் அப்படி ஒரு நல்ல குணத்தைக் கண்டதில்லை.

நமசிவாயம் ஐயா இங்கிலாந்தில் விஞ்ஞானக் கருவிகள் செய்கிற தொழிற்சாலையில் நெடுங்காலம் இருந்தவர். எங்கள் ஆட்கள் எல்லோரும் இங்கிருந்து அங்கே போக வழி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தார். அந்த ஒன்றுக்காகவே ஊர் அவரை ஒரு மாதிரியான ஆள் என்று முடிவு கட்டிவிட்டது. வந்தவர் புகையிலைக் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் எழுப்பி, தூசி புகாமல் கண்ணாடி பூட்டி, தொழிலைத் தொடங்கினார். தங்குதன் என்ற உலோகத்தில் இழுத்த கம்பி வெளிநாட்டிலிருந்து வரும். தலைமயிரை நாலாகப் பிளந்து ஒரு பங்கை எடுத்தால் அவ்வளவுதான் மொத்தம். அதற்குப் பொன்முலாம் பூசி, பழுது இல்லையென்று உறுதிப்படுத்தி, திரும்ப அனுப்ப வேண்டும். அணுவுக்குள் இருக்கிற துகள்களைப் பிடித்துக் காட்டுகிற கருவிகளுக்குள் அதைப் பூட்டுவார்கள் என்று ஐயா சொல்வார். நாங்களும் தலையாட்டுவோம்.

ஊருக்கு இது எங்கே விளங்கப்போகிறது? தங்குதன் என்றதைத் தங்கத்தின் என்று கேட்டவர்கள் பாதிப் பேர். என் மாமியின் தமக்கை தன் மகளுக்கு மலிவாக ஒரு தாலிக்கொடி செய்விக்கலாம் என்று வேலைத்தளத்துக்கே வந்துவிட்டா. ஐயா மரியாதையாக ஒரு கம்பியை எடுத்து நீட்டினார். "எங்கை?" என்று கேட்டா. "உதுதான்" என்றார் ஐயா. "எங்கை?" என்று மறுபடியும் கேட்டா. பிறகு, மனிதருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று ஊர் முழுவதும் சொல்லிக்கொண்டு போனா.

வேலைத்தளத்தை உரும்பிராயில் வைத்ததற்குக் காரணம், கடற்காற்றின் உப்பு முலாமுக்குக் கூடாது என்பது. அப்படியெல்லாம் யோசித்த ஐயா, உப்பிலே பிறந்து உப்பிலே வளர்ந்த ஒருவரைத்தான் அந்தக் கம்பிக்குக் காவல் வைத்தார். சிமியோன் அண்ணை குருநகரில் தகப்பன், பாட்டன் எல்லாரும் கடலுக்குப் போன குடும்பம். அவருக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வயிற்றைப் புரட்டும். அதனால் படித்தார். தினமும் சைக்கிளில் வந்து, முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

வேலை இதுதான். ஒவ்வொரு றீலிலும் ஒரு துண்டு எடுத்து ஊசியில் சுற்றி, முலாம் பொருக்கு வெடிக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். இன்னொரு துண்டில் சின்னச் சின்னப் படிக்கல்லாகத் தொங்கவிட்டு எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்பார். இன்னொன்றை நிறுப்பார். கடைசியாக ஒரு மீற்றர் கம்பியை இரண்டு கவ்விக்கு நடுவில் பூட்டி மின்சாரத் தடையை அளப்பது. முலாம் மெல்லிசாகிவிட்டால் தடை கூடும், தடிப்பாகிவிட்டால் குறையும். எல்லாம் திருப்தியென்றால் றீலில் பச்சை நூல் கட்டுவார். இல்லையென்றால் சிவப்பு நூல். பச்சை நூற்பந்து ஒன்று முடிவதற்குள் சிவப்பில் நாலைந்து முடிந்துவிடும். ஐயா சிவப்பு நூலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். ஆனால் ஒருநாளும் மறுத்துப் பேசமாட்டார், ஏனென்றால் பச்சை நூல் கட்டிப் போன றீல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு அது, சண்டைக் காலம். ஆமியின் ஹெலிகொப்டர் மேலால் போனால் நாங்கள் மேசைக்குக் கீழே போவோம். சிமியோன் அண்ணை தராசுத் தட்டு நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பார். சத்தம் ஓய்ந்ததும், "உந்த நிறுவை செல்லாது. திரும்ப நிறுக்கவேணும்" என்பார். மேசைக்குக் கீழே இருக்கிற எங்களிடம்தான் சொல்வார்.

அந்தக் குணத்தை அவர் வேலைத்தள வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால் பரவாயில்லை. கோயிலில் மாதா சொரூபத்தின் தலைக்குப் பின்னால் இருக்கிற பொன் வட்டத்தை உற்றுப் பார்த்துவிட்டு, பூச்சில் ஊசித்துளை இருக்கிறது என்று சுவாமியாரிடம் போய் அறிவித்தவர் அவர். "மகன், அது கும்பிடுறதுக்கு வைச்சது. கரண்ட் விடுறதுக்கில்லை" என்று சுவாமி அனுப்பிவிட்டார்.

பெண் பார்க்கப் போன இடங்களிலும் இதே கதைதான். அவருடைய தமக்கை லூர்த்தம்மாதான் இந்த விசயங்களை எங்களிடம் வந்து சொல்லி அழுதவ. தாய் தகப்பன் இல்லாத தம்பியைக் கரை சேர்க்க வேண்டும் என்று அந்த மனுசி காலணி தேய நடந்தா. பாசையூரில் ஒரு பெண். "நல்ல பிள்ளை. ஆனா பகிடி சொன்னா ஒரு கணம் பிந்தித்தான் சிரிக்கிறா" என்றாராம். நாவாந்துறையில் ஒன்று. "பிள்ளையிலை பிழை இல்லை, ஆனா அந்த வீட்டுக் கதவு இறுகப் பூட்டுப்படுகுதில்லை" என்றாராம். லூர்த்தம்மா என்னிடம் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டா. "செல்வநாயகி, இவன் கதவையோ கட்டப்போறான்?"

இந்த நிலைமையில்தான் தடை அளக்க ஆள் வேண்டுமென்று கத்தரீனாவை எடுத்தார்கள். அவளும் குருநகர். முப்பது வயதைத் தாண்டிவிட்டாள். வாய் கொஞ்சம் நீளம். மீற்றரின் முள்ளை நேரே குனிந்து வாசித்து, எண்ணைச் சொல்லுவாள். சிமியோன் அண்ணை நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபடியே அதைக் கேட்டு, கை நீட்டி நூலை எடுத்துக் கட்டுவார். ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் எங்கள் தமிழ் அதற்கு ஒத்துவரவில்லை.

தடைக்கு அலகு ஓம். எங்கள் வாயில் ஆம் என்பதும் ஓம். முதல் கிழமையே வந்தது வில்லங்கம்.

"நூற்றெழுபத்திரண்டு ஓம்" என்றாள் கத்தரீனா.

"நூற்றெழுபத்திரண்டோ?"

"ஓம்."

"ஓம் எண்டு எனக்குத் தெரியும். எத்தினை எண்டுதான் கேட்டனான். எழுபத்திரண்டோ?"

"ஓம்!"

"திரும்பவும் ஓம். இலக்கத்தைச் சொல்லும்!"

"அதுதானே நீங்களே சொல்லிப்போட்டீங்கள்!"

"அப்ப நான் சொன்னது சரியோ?"

"ஓம் எண்டெல்லோ சொல்லுறன்!"

நான் சிரித்த சிரிப்பில் கம்பி அறுந்துவிட்டது. சிமியோன் அண்ணை சிரிக்கவில்லை. நேரே ஐயாவிடம் போனார். மறுநாள் அந்த அறைச் சுவரில் அவர் கையாலேயே எழுதிய ஒரு மட்டை தொங்கியது. இந்த அறைக்குள் ஓம் என்பது அலகு மட்டுமே. சம்மதம் தெரிவிக்கச் சரி என்று சொல்லவும்.

யாழ்ப்பாணத்து மனிதரிடம் ஓம் சொல்லாதே என்றால், மூச்சு விடாதே என்று சொல்வது போலத்தான். நாக்கு நுனிவரைக்கும் வந்ததை விழுங்கி விழுங்கி எங்களுக்கு விக்கல் பிடித்தது. ஐயாகூட வாசலில் நின்று ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். சிமியோன் அண்ணைக்கு மட்டும் ஒரு கஷ்டமும் இல்லை. அவர் பிறந்ததிலிருந்து எதற்கும் சம்மதம் சொன்னதில்லையே.

மெதுவாக ஒரு விசயத்தைக் கவனித்தேன். கத்தரீனா எண்ணைச் சொல்லுவாள், அவர் "சரி" என்பார். நானும் சுற்றுகிற கையை நிறுத்திவிட்டு, அடுத்து வரவேண்டிய "ஆனா"வுக்காகக் காத்திருப்பேன். அது வராது. மற்றொன்று, நாங்கள் எல்லோரும் அவரைச் சிமியோன் அண்ணை என்று கூப்பிட, அவள் மட்டும் அண்ணை என்ற சொல்லை வாயில் எடுக்கவேயில்லை. "இஞ்சை பாருங்கோ" என்பாள், "கேக்குதோ" என்பாள். எனக்கு இதெல்லாம் உடனே பிடிபட்டிருக்க வேண்டும். வெங்காய விலையை யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். நான் றீல் சுற்றுகிற மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. கத்தரீனா மீற்றருக்கு முன்னால், சிமியோன் அண்ணை வழக்கம்போல நுணுக்குக்காட்டியில் கவிழ்ந்தபடி. அவர் ஏதோ கேட்டது போல் இருந்தது. இரைச்சலில் எனக்கு விளங்கவில்லை. கத்தரீனா "ஓம்" என்றது மட்டும் காதில் விழுந்தது. நாள் முழுவதும் கேட்கிற ஓம்தானே என்று நான் பேசாமல் இருந்தேன். சிறிது நேரத்தில் சிமியோன் அண்ணை எழும்பினார், கையைக் கழுவினார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலை முடியுமுன்னர் அவர் போனதை அன்றுதான் கண்டேன். வயிற்றோட்டமாக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வந்தார், புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு. கையில் ஒரு பெட்டி பலகாரம். கத்தரீனாவைக் காணவில்லை.

"என்ன அண்ணை விசேஷம்?"

"கத்தரீனாவை எனக்குப் பேசியாச்சு, தங்கச்சி. சனிக்கிழமை அக்கா போய்த் தேப்பனோடை கதைச்சவ. அவருக்கு நல்ல சந்தோசம். கோயிலிலை கலியாண ஓலை வாசிக்கிறதுக்கும் சுவாமியிட்டைச் சொல்லியாச்சு." சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்த்தேன். இப்படி ஒரு முகமும் இந்த மனிதரிடம் இருந்ததா என்று எனக்கு வியப்பாகப் போய்விட்டது.

"அவளிட்டைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். வெள்ளிக்கிழமை, இஞ்சைதான். என்னைக் கலியாணம் செய்யச் சம்மதமோ எண்டு கேட்டன். ஓம் எண்டவ."

என் வாய் சும்மா இருக்கிற வாயில்லை. "மீற்றருக்கு முன்னாலை இருக்கேக்கையோ? ஐயோ அண்ணை! அவள் மீற்றரையெல்லோ வாசிச்சிருப்பாள்!"

பலகாரம் எடுக்க வந்த ஐயா, ஒரு பயற்றம் பணியாரத்தைக் கையில் பிடித்தபடி மெதுவாகச் சுவரைப் பார்த்தார். சிமியோன் அண்ணையும் பார்த்தார். இந்த அறைக்குள் ஓம் என்பது அலகு மட்டுமே. அவருடைய கையெழுத்து, அவர் போட்ட சட்டம்.

அன்று முழுவதும் அவர் ஒரு றீலையும் தொடவில்லை. "சம்மதமெண்டா சரி எண்டு சொல்லியிருப்பா. அவ ஒழுங்கானவ" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். ஐயா தேற்றிப் பார்த்தார். "அவளும் மறுப்புச் சொல்லேல்லைத்தானே, சிமியோன்? பேசாமல் இரும்." அதற்கு அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. "பிழையான ஒரு ஓமிலை ஒரு பிள்ளையின்ரை சீவியத்தைக் கட்டலாமோ ஐயா? தேப்பன் சந்தோசப்படுறாரெண்டு அவ வாயைத் திறக்கேலாமல் இருந்தா?" எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சந்தோசம் வந்து மூன்று நாள் ஆகவில்லை, அதற்குத் தானே சிவப்பு நூல் கட்டப்போகிற மனிதரை வேறு எங்கே காண்பது?

பின்னேரம் சாட்சிக்கு என்று என்னையும் வரச்சொன்னார். நான் பஸ்ஸில் போனேன், அவர் சைக்கிளில் வந்தார். கத்தரீனாவின் தகப்பன், பெயர் செபமாலை, வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகத் தடை, வள்ளம் கரையில் கிடந்தது. ஆனாலும் மனிதர் வலையைப் பழுதாக விடவில்லை. மருமகனைக் கண்டதும் முகமெல்லாம் பல். உள்ளே லூர்த்தம்மா ஏற்கனவே வந்து, கலியாணத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தா. பக்கத்து வீட்டு வேலியில் நாலு தலை.

சிமியோன் அண்ணை உட்காரவில்லை. பழுதான றீலைப் பற்றி ஐயாவிடம் அறிக்கை கொடுக்கிற அதே குரலில் செபமாலையிடம் தொடங்கினார். "ஐயா, குறை நினையாதேங்கோ. வெள்ளிக்கிழமை கத்தரீனா சொன்ன ஓமை என்னாலை ஏற்றுக்கொள்ள ஏலாது."

வேலிக்கு அப்பால் யாரோ "யேசுவே" என்றார்கள். செபமாலையின் கையில் இருந்த வலை ஊசி விழுந்தது. லூர்த்தம்மா ஓடி வந்தா. "அடேய், கதவு பூட்டுப்படேல்லை எண்டு சொல்லப்போறியோ? இந்த வீட்டிலை கதவே இல்லையடா, ஓலைப் படலைதான்!"

"அது இல்லை அக்கா. அந்த அறையிலை ஓம் எண்டா அலகு. சுவரிலை எழுதியிருக்கு. அவ மீற்றர் வாசிச்சதை நான் பிழையா விளங்கிக்கொண்டு வந்து உங்கள் எல்லாரையும் கரைச்சல்படுத்திப்போட்டன். தங்கச்சி சாட்சி."

நான் தலையாட்டினேன். ஆட்டாமல் என்ன செய்வது, அதற்குத்தானே பஸ்ஸுக்குக் காசு தந்தார்.

அப்போதுதான் கத்தரீனா வெளியே வந்தாள். மீன் வெட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். கையில் செதில் ஒட்டியிருந்தது. முகம் சிவந்துபோயிருந்தது. இரண்டு நாளாக அவள் வீட்டில் பாடிக்கொண்டே திரிந்தாள் என்று பிறகு லூர்த்தம்மா சொன்னா. அந்த நிமிடத்தில் பாட்டு ஒன்றும் இல்லை.

"நான் மீற்றர் வாசிச்சனானோ?" என்று கேட்டாள்.

"அப்பிடித்தான்..."

"அப்ப சொல்லுங்கோ. எத்தினை ஓம் எண்டு வாசிச்சனான்?"

சிமியோன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் வலையைப் பார்த்தேன்.

"எத்தினை? நூற்றெழுபதோ? நூற்றெண்பதோ? இலக்கம் இல்லாமல் நான் எப்பெண்டாலும் வாசிச்சிருக்கிறனோ?"

"இல்லை."

"அந்த றீலுக்கு என்ன நூல் கட்டினீங்கள்? பச்சையோ, சிவப்போ?"

அவர் நூல் கட்டுகிற விரலைப் பார்த்தார். "ஒண்டும் கட்டேல்லை."

"ஏன் கட்டேல்லை?"

"நீர்... இலக்கம் சொல்லேல்லை."

வேலியில் இருந்த நாலு தலைக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. லூர்த்தம்மாவுக்கு அரைவாசி விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தா.

"ஊரிலை உள்ள கம்பியெல்லாத்தையும் மூண்டு தரம், நாலு தரம் பாக்கிற மனுசன்" என்று சொல்லும்போது கத்தரீனாவின் குரல் உடைந்துவிட்டது. "என்னட்டை வாழ்க்கையிலை ஒருக்கால் ஒரு கேள்வி கேட்டார், அதையும் அந்தக் குழாயுக்கை கண்ணை வைச்சுக்கொண்டு கேட்டார். நிமிந்து பாத்திருந்தா அண்டைக்கே விளங்கியிருக்கும். நான் மீற்றரைப் பாக்கேல்லை. உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

சிமியோன் அண்ணை நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். செதில் ஒட்டிய கையை, அழுது வீங்கின மூக்கை, அவிழ்ந்த கொண்டையை, எல்லாவற்றையும், அவசரமில்லாமல், அவர் பார்க்கிற மாதிரியே பார்த்தார். லூர்த்தம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, ஆனா எண்டு சொல்லிப்போடப் போறான்" என்று என் காதுக்குள் சொன்னா.

"கத்தரீனா, என்னைக் கலியாணம் செய்ய உமக்குச் சம்மதமோ?"

"ஓம்."

இவ்வளவு நேரமும் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த செபமாலைக்கு இந்த விவகாரத்தில் ஒன்றே ஒன்றுதான் பிடிபட்டிருந்தது: இலக்கம் இல்லாவிட்டால் பிறகு கரைச்சல் வரும். மனிதர் கவலையோடு எழும்பி வந்து மகளின் தோளில் கை வைத்தார்.

"எத்தினை, பிள்ளை?"

கத்தரீனா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"வெறும் ஓம், அப்பு."